மூச்சை இரண்டாந்தரம் எண்ணுவது

எந்த ஆஸ்பத்திரி வாட்டுக்கும் போய், கட்டில் தலைமாட்டில் தொங்கும் அட்டைகளை வரிசையாகப் பாருங்கள். நாடித்துடிப்பு ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். பிறஷர் மாறியிருக்கும், காய்ச்சல் மாறியிருக்கும். மூச்சு எண்ணிக்கை மட்டும் எல்லாருக்கும் 20. நிமோனியாவோடு படுத்திருப்பவருக்கும் 20, நாளைக்கு ஹேர்ணியா ஒப்பரேசனுக்கு வந்து கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பவருக்கும் 20. இது இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. உலகம் முழுக்க உள்ள தாதியரும் வைத்தியர்களும் இதைப் பற்றி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மற்ற மூன்றுக்கும் கருவி உண்டு. மூச்சுக்கு ஒரு சோடிக் கண்ணும், மணிக்கூடும், ஒரு முழு நிமிடமும் வேணும். அந்த நிமிடம்தான் யாரிடமும் இல்லை.

நான் வன்னியில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். முதலில் ஒரு சின்ன பிரதேச வைத்தியசாலை, இப்போது அவசர சிகிச்சைப் பிரிவு. மூச்சுக் கஷ்டத்தோடும் நெஞ்சடியோடும் (நெஞ்சில் அடிபட்டு) வருகிறவர்களை எப்படிப் பார்க்கவேண்டும் என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். மருத்துவம் படிக்காதவர்களும் வாசிக்கலாம். வீட்டில் முட்டு (இழுப்பு, ஆஸ்துமா) வருத்தக்காரர் ஒருவர் இருந்தால் கட்டாயம் வாசிக்கலாம்.

எண்ணுவதில் ஒரு கள்ளம் உண்டு. "அம்மா, உங்கட மூச்சை எண்ணப் போறன்" என்று சொன்னால் அந்த மூச்சு உடனே மாறிவிடும். அதனால் நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை வயிற்றில் வைக்கவேண்டும். சேலைக்கும் சால்வைக்கும் மேலால் நெஞ்சு அசைவது தெரியாது. வயிறு தெரியும். பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது குறுக்குவழி. ஆனால் ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு குறையும். முழு நிமிடமும் எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சரி. 25ஐத் தாண்டினால் கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய ஆள். பத்துக்குக் கீழே போனாலும் அப்படித்தான், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு வேறு: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, அதிலிருந்து ஐந்து வயது வரை 40. இருமல் தடிமனோடு வந்த பிள்ளைக்கு அந்த எண்ணோ அதற்கு மேலோ என்றால் வேகமூச்சு, நிமோனியாவை நினைக்கவேண்டும்.

ஆனால் 26 என்ற எண் தனியே நின்று எனக்குச் சொல்வது கொஞ்சம்தான். அரை மணித்தியாலத்துக்கு முன் 34 ஆக இருந்து 26 ஆனவரும் உண்டு, 20 ஆக இருந்து 26 ஆனவரும் உண்டு. முன்னவர் தேறுகிறார், பின்னவர் கெடுகிறார். அட்டையில் இருவருக்கும் 26. நெஞ்சு விஷயத்தில் எதைக் கண்டாலும் முன்பு எப்படி இருந்தது என்று கேட்காவிட்டால் பாதிதான் தெரியும். என் அனுபவத்தில் பிழை போகும் இடங்கள் பெரும்பாலும் இதுதான்: முதல் பார்வை சரியாகத்தான் இருந்திருக்கும், இரண்டாம் பார்வை நடந்திருக்காது.

முதல் பார்வையைக் கதவடியிலேயே தொடங்கலாம். கட்டிலில் கால் தொங்கப்போட்டு, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தோளைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாரா? கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இறுகுகின்றனவா? தொண்டைக்குழி உள்ளே இழுபடுகிறதா? பிள்ளையென்றால் மூக்குத்துவாரம் விரிகிறதா, விலாக்களுக்கு இடையே குழி விழுகிறதா? இதற்கு ஸ்ரெதஸ்கோப் வேண்டாம். பிறகு கதை கொடுக்கவேண்டும். "எங்கயிருந்து வாறியள்? ஆரோட வந்தனீங்கள்?" ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒருக்கால் நிறுத்துகிறாரா என்பதுதான் எனக்கு வேண்டியது. பதில் அல்ல.

பதிலை நம்பவும் ஏலாது. எங்கள் சனம் வருத்தத்தைக் குறைத்துத்தான் சொல்லும். எவ்வளவோ கஷ்டப்பட்ட ஆட்களிடம் எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்லைத் தம்பி, கொஞ்சம் களைக்குது" என்பார்கள். அதனால் வேறு மாதிரிக் கேட்கவேண்டும்.

"அம்மா, கிணத்தடிக்குப் போய்த் தண்ணி அள்ள ஏலுதோ?"

"முந்தி ஏலும். இப்ப பாதி வழியில நிண்டுதான் போறது."

"முந்தி எண்டா எப்ப?"

"பொங்கலுக்கு முந்தி."

"ராவில எத்தினை தலைகணி வைச்சுப் படுக்கிறியள்?"

"படுக்கிறேல்ல மகன். சுவரோட சாஞ்சுதான்."

இந்த ஆறு வரியில் இருதயம் பலவீனப்படுகிற கதை முழுக்க இருக்கிறது. கால் வீக்கத்தைப் பிறகு பார்த்தாலும் போதும்.

இழுப்பு வருத்தத்துக்கு வருகிறேன். பெரும்போக அறுவடைக் காலத்தில் நெல் சுணையும் வைக்கோல் தூசியும் பறக்கத் தொடங்கினால், கிளிநொச்சிப் பக்கத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விளையும் வயல்களின் சனத்தில் ஒரு பங்கு எங்களிடம்தான் வரும். விறகடுப்புப் புகையில் ஆயுள் முழுக்க நின்ற பெண்கள் வருவார்கள், சுருட்டுக்கார ஐயாமார் வருவார்கள். இவர்களில் நாட்பட்ட நெஞ்சு வருத்தக்காரருக்கு ஒக்சிசனை அளந்துதான் கொடுக்கவேண்டும். இரத்த ஒக்சிசன் அளவு 88 முதல் 92 வீதம் வரை போதும், 100க்கு ஏற்றினால் சிலருக்கு உள்ளே காபனீரொட்சைட்டு சேர்ந்து மயக்கம் வரும்.

இழுப்பில் ஆளை ஏமாற்றுவது சத்தம். சத்தமாக இழுக்கும் பிள்ளையைக் கண்டு எல்லாரும் ஓடுவார்கள். இரவு முழுக்க இழுத்த பிள்ளை விடியப்புறம் சத்தமில்லாமல் படுத்தால் வீட்டில் நிம்மதி. "சத்தம் குறைஞ்சிட்டுது, இப்பதான் நித்திரையானவள், எழுப்பாதையுங்கோ" என்று தாய் சொல்வார். சத்தம் வருவதற்குக் காற்று ஓடவேண்டும். குழாய்கள் அடைபட்டு, தசைகள் களைத்து, காற்றே போய்வராத நெஞ்சில் சத்தம் எப்படி வரும்? ஸ்ரெதஸ்கோப்பை வைத்தால் ஒன்றும் கேட்காது. அந்த மௌன நெஞ்சு உயிராபத்தின் அடையாளம், வாட்டில் இதைவிட எனக்குப் பயம் தரும் விஷயம் குறைவு. மூச்சு எண்ணிக்கையும் அப்போது 40 இலிருந்து 20 ஆகக் குறைந்திருக்கும். அட்டையில் "20" என்று எழுதினால் அழகாக இருக்கும். தேறிய பிள்ளை கண்ணை முழித்துத் தண்ணி கேட்கும், கதைக்கும், தாயிடம் சிணுங்கும். களைத்துப்போன பிள்ளை தலை தொங்க, கூப்பிட்டால் அரைக்கண் திறக்கும். சத்தம் குறைந்தால் ஆளை எழுப்பிப் பாருங்கள். நித்திரையைக் கெடுத்தோம் என்று யாரும் கோபிக்கப் போவதில்லை, கோபித்தாலும் பரவாயில்லை.

விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் பற்றி ஒரு வார்த்தை. கொரோனாவுக்குப் பிறகு அது வீடுகளுக்கும் வந்துவிட்டது. நல்ல பொருள். ஆனால் குளிர்ந்த கை, நகப்பூச்சு, ஆடிக்கொண்டே இருக்கும் விரல் எல்லாம் அதைக் குழப்பும். 2020 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கறுப்பு நிறத் தோலுள்ளவர்களில் இரத்தத்தில் ஒக்சிசன் உண்மையில் குறைந்திருக்கும்போதும் கருவி நல்ல எண்ணைக் காட்டுவது வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. வன்னி வெயிலில் வேலை செய்கிற எங்கள் ஆட்களின் விரலை நினைத்துக்கொள்ளுங்கள். முகமூடியில் ஒக்சிசன் ஓடிக்கொண்டிருக்கும்போது 98 என்று கண்டு நிம்மதியடைவதும் பிழை. காற்றைத் தள்ளும் வேலை தோற்றுக்கொண்டிருந்தாலும் அந்த எண் கடைசி வரை நன்றாகவே இருக்கும்.

அது எங்கே மிகக் கொடூரமாகத் தெரியும் என்றால், பாம்புக்கடியில். வன்னியில் மூச்சுக் கஷ்டம் என்றதும் நெஞ்சை மட்டும் நினைக்கக்கூடாது. கறுத்த உடம்பில் வெள்ளை வளையங்களோடு இரவில் திரியும் எட்டடி விரியன், நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். நோ இருக்காது, வீக்கம் இருக்காது, சிலவேளை பல் அடையாளமே தெரியாது. விடியப்புறம் வயிற்று நோவோடு எழும்புவார். வீட்டார் இரவுச் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். பிறகு கண் இமை விழும், கதை குழறும், கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை, ஸ்ரெதஸ்கோப்பில் எல்லாம் துப்புரவு. அதனால் வயிற்று நோவோடு விடியப்புறம் வருபவரிடம் "எங்க படுத்தனீங்கள், கட்டிலிலயோ நிலத்திலயோ?" என்று நான் கேட்பேன். சிரித்துக்கொண்டே பதில் சொன்னவர்களும் உண்டு.

இப்படிச் சந்தேகம் வந்தவரிடம் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு 28 வரை எண்ணியவர் எட்டரைக்கு 17இல் நின்றால், ஒக்சிமீற்றர் 97 காட்டினாலும் அவருக்குக் குழாய் போட்டு இயந்திரத்தில் விடும் ஆயத்தத்தைத் தொடங்கவேண்டும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் நாட்களில் எழும்பி வீட்டுக்கு நடந்துபோவார்கள்.

பூச்சிமருந்து குடித்தவரும் மூச்சுக் கஷ்டத்தோடுதான் வருவார். வாயில் நுரை, வியர்வை, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, நெஞ்சு முழுக்கத் தண்ணிச் சத்தம். டைமெதோயேட், பென்தியன், களைநாசினியான பரகுவாட் எல்லாம் 2008க்கும் 2011க்கும் இடையில் இலங்கையில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அது எத்தனையோ உயிரைக் காத்த முடிவு. மிச்சமிருப்பவற்றுக்கும் கண்மணியைப் பார்க்கும் பழக்கம் தேவை. கட்டுப்பாடில்லாத சீனி வருத்தத்தில் இரத்தம் புளித்து ஆழமாக மூச்சு வாங்குபவரும் நெஞ்சு வருத்தக்காரர் போலவே தெரிவார்.

இனி நெஞ்சடி. ஏ9 வீதியில் இரவில் சூடான தாருக்கு வந்து படுக்கும் கட்டாக்காலி மாடுகள், மணல் ஏற்றிய ரிப்பர்கள், நெல் காயப்போட்ட வீதியோரம், குடைசாயும் உழவு இயந்திரம், பனையால் விழும் சீவல் தொழிலாளி, எல்லைக் கிராமங்களில் யானை. எங்களுக்கு நெஞ்சடி பல வாசலால் வரும். வந்தவுடன் சேர்ட்டை வெட்டிக் கழற்றவேண்டும். பெண்ணென்றால் திரையை இழுத்துவிட்டுக் கழற்றவேண்டும், ஆனால் கழற்றத்தான் வேண்டும். முதுகையும் அக்குளையும் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது. சீற் பெல்ற் தழும்பு, ஹாண்டில் குத்திய வட்டம், ரயர் அடையாளம் எல்லாம் உள்ளே எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லும். உழவு இயந்திரத்துக்கு அடியில் நெரிபட்டவரின் முகமும் கழுத்தும் கருநீலமாகி, கண்வெள்ளை இரத்தச் சிவப்பாக இருந்தால் நெஞ்சு எவ்வளவு அழுத்தப்பட்டது என்று கேட்கவே தேவையில்லை.

பிறகு இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சின் இரு பக்கமும் விரித்து வைக்கவேண்டும். ஒரு கை தாமதமாக எழும்புகிறதா? அடுத்தடுத்த மூன்று விலாக்களாவது இரண்டிரண்டு இடத்தில் உடைந்தால், அந்தத் துண்டு மற்ற நெஞ்சோடு சேராமல் மூச்சு உள்ளே போகும்போது உள்ளே விழும், வெளியே வரும்போது புடைக்கும். ஆள் நோவுக்குப் பயந்து இறுக்கிப் பிடித்திருந்தால் முதலில் அது தெரியாது, நோ மருந்து கொடுத்த பிறகோ களைத்த பிறகோதான் தெரியும். தோலை விரலால் அழுத்தினால், துணிக்குள் கட்டிய அரிசிப்பொரி நொறுங்குவதுபோல் சரசரத்தால் காற்று நுரையீரலை விட்டுத் தோலுக்கடியில் வந்துவிட்டது. அடுத்து விரலால் தட்டிப் பார்க்கவேண்டும். இரைச்சலான அவசரப் பிரிவில் கேட்க ஏலாது என்று பலர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. வெற்று ஒலி வந்தால் காற்று, மந்த ஒலி வந்தால் இரத்தம், விரலுக்கே அந்த வித்தியாசம் தெரியும்.

காற்று ஒரு பக்கம் தேங்கி அழுத்தம் ஏறினால் நுரையீரல் சுருங்கும், இருதயத்துக்கு இரத்தம் திரும்பாது. அந்தரப்படுவார், நாடி ஓடும், பிறஷர் விழும், ஒரு பக்கத்தில் மூச்சுச் சத்தம் இராது. மூச்சுக்குழாய் மற்றப் பக்கம் விலகுவதைப் புத்தகம் பெரிதாகச் சொல்லும், அது பிந்தித்தான் வரும். இரத்தம் இழந்தவருக்குக் கழுத்து இரத்தநாளம் புடைக்காமலும் இருக்கலாம். எக்ஸ்றேக்குக் காத்திருக்காமல் வைத்தியர் ஊசியால் காற்றை வெளியேற்றவேண்டும். முன்பு கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டாம் விலா இடைவெளியில் குத்துவார்கள். அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரியின் விபத்துப் பயிற்சிநெறி 2018 இல் வளர்ந்தவர்களுக்கு அதை அக்குள் பக்கம், நான்காம் ஐந்தாம் இடைவெளிக்கு மாற்றியது. முன்நெஞ்சுச் சதை தடித்தவர்களில் ஊசி உள்ளே எட்டாமல் போனதுதான் காரணம்.

கீழ் விலாக்களில் அடிபட்டவரிடம் வயிற்றையும் பாருங்கள். வலது பக்கம் ஈரல், இடது பக்கம் மண்ணீரல். பிள்ளைகளின் விலா வளையும், லேசில் உடையாது. எக்ஸ்றேயில் ஒரு முறிவும் இல்லாமல் நுரையீரல் நசிந்திருக்கும். வயதானவர்கள் இதற்கு எதிர்மாறு. சைக்கிளால் விழுந்த அப்பு இரண்டு மூன்று விலா முறிவோடு நடந்து வருவார், "மாறிடும் தம்பி" என்பார். 2000 ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்றில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒவ்வொரு மேலதிக விலா முறிவுக்கும் இறப்பு 19 வீதம் கூடியது. நோவால் ஆழமாக மூச்செடுக்க மாட்டார், இருமமாட்டார், சளி தேங்கும், மூன்றாம் நாள் நிமோனியா. முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் பத்துப்போட்டு நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் உண்டு. கை கால் முறிவில் அந்த வைத்தியர்களின் கைப்பழக்கத்தை நான் குறைவாகப் பேசமாட்டேன். நெஞ்சைக் கட்டுவதை மட்டும் விட்டுவிடவேண்டும். முன்பு ஆஸ்பத்திரிகளிலும் கட்டினார்கள்தான். கட்டினால் நோ குறையும், மூச்சும் குறையும்.

எங்கள் பெரிய பிரச்சினை தூரம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சுமார் 65 கிலோமீற்றர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஏ9 வீதியில் உள்ள பரந்தன் சந்திக்கே 50 கிலோமீற்றருக்கு மேல். 2018 ஜூலையில், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது பெரிய ஆறுதல், இழுத்துக்கொண்டு ஓட்டோவில் வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு சும்மா இருப்பதில்லை. இங்கே சின்னதாகத் தெரிந்த காற்று, ஆனையிறவு தாண்டும்போது பெரிதாகலாம். வெளிக்கிடும் முன் நெஞ்சுக் குழாய் போடவேண்டுமா என்று முடிவெடுப்பதும், போகும் வழியில் எண்ணிக்கொண்டே போவதும் அதனால்தான். மாற்றக் கடிதத்தில் எண்களுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். நேரமில்லாத எண்ணை வாங்கி அங்கே என்ன செய்வார்கள்?

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. வன்னியில் நடுவயதைத் தாண்டிய ஒருவரின் நெஞ்சு எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்தால், விலாக்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஓர் உலோகத் துண்டு தெரிவது புதினமில்லை. 2009 போரின் செல் (எறிகணை) துண்டு. சிலருக்கு ஒன்று, சிலருக்குப் பல. எடுப்பது ஆபத்து என்று விட்டவை, எடுக்க நேரமில்லாமல் விட்டவை. சிலருக்கு நெஞ்சறையின் சுவர் தடித்து, ஒரு பக்கம் என்றைக்குமே குறைவாகத்தான் அசையும். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமும் குறைவு. இப்படி ஒருவர் மோட்டார் சைக்கிளால் விழுந்து வந்தால், அந்தக் குறைவு இன்றைய அடியா, பழைய காயமா? முதல்முறை பார்க்கும் வைத்தியருக்கு, அதுவும் தெற்கிலிருந்து புதிதாக வந்தவருக்கு, எப்படித் தெரியும்?

கேட்கவேண்டும், ஆனால் கேட்கும் விதம் உண்டு. கூட்டத்துக்கு நடுவில் "சண்டையில காயப்பட்டனீங்களோ?" என்று கேட்டால் பலர் இல்லை என்றுவிடுவார்கள். காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. திரைக்குப் பின்னால், தழும்பில் விரலை வைத்து "இது பழசோ?" என்று மட்டும் கேட்டால் ஓம் என்பார்கள். எப்போது, யாரால், எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதெல்லாம் மூச்சுக்குத் தேவையில்லாத கேள்விகள், கேட்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நாட்பட்ட இருமலோடு வரும் பழைய காயக்காரரிடம் எல்லாப் பழியையும் துண்டின்மேல் போட்டுவிடவும் கூடாது. இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்கவேண்டும், துண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். எம்.ஆர்.ஐ. (காந்த ஸ்கான்) எடுக்கச் சொன்னால், உள்ளே இரும்பு இருப்பதை எடுக்கும் முன்பே சொல்லுங்கள்.

ஆகவே வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் நெஞ்சில் காயம்பட்ட ஒருவரோ, நெடுநாள் முட்டு வருத்தக்காரரோ இருந்தால், பழைய எக்ஸ்றேயையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் போட்டு, எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். 1990க்கு அடித்துவிட்டு, அம்புலன்ஸ் வரும் வரைக்கும் ஆளைச் சாய்த்து இருத்துங்கள், படுக்கவைக்க வேண்டாம், தண்ணி பருக்கவேண்டாம். பையை அம்புலன்ஸில் ஏற்றிவிடுங்கள். மழையில் நனைந்து ஓரம் ஒட்டிய படமென்றாலும் கொண்டுவாருங்கள், புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது போதும்.